ஃப்ரிட்ஜில் வைத்த இருட்டு

"மாப்பிள்ளை, ஃப்ரிட்ஜுக்குள்ள ஏதோ டிக்கு டிக்குங்குது. வெடிக்கிற சாமானா இருக்கப் போகுது, வந்து பாருங்க!"

குளியலறையில் பல் துலக்கிக்கொண்டிருந்த துருவி, வாயில் நுரையோடு ஓடி வந்தார். ஃப்ரிட்ஜ் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. மாமியார் ஒரு கையில் பால் பாத்திரமும் மறு கையில் கரண்டியுமாக நின்றுகொண்டிருந்தார். நடுத்தட்டில், தக்காளிக்கும் தயிருக்கும் இடையில், அவருடைய கேமரா சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"ஐயோ அத்தை, கதவை மூடுங்க, மூடுங்க! இருட்டு கெட்டுப் போகுது!"

"பால் கெட்டுப் போகும், தயிர் கெட்டுப் போகும். இருட்டு எப்படி மாப்பிள்ளை கெட்டுப் போகும்?" என்றார் மாமியார், கதவை மூடாமலே. "அது கிடக்கட்டும், கேமராவுக்கு இங்க என்ன வேலை?"

"போட்டோ எடுக்குது அத்தை."

சொல்லி முடித்த பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று துருவிக்குத் தோன்றியது. மாமியார் பால் பாத்திரத்தை மெதுவாக மேடையில் வைத்தார். கேமராவை ஒரு தரம் பார்த்தார். அதற்குப் பின்னால் இருந்த சாக்லேட் பெட்டியை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் மருமகனைப் பார்த்தார்.

"ஓஹோ" என்றார்.

அந்த ஓஹோவுக்கு ஒரு பின்கதை உண்டு. வெளிநாட்டில் இருக்கும் மகன், அம்மாவுக்கென்று ஆசையாக அனுப்பிய பெட்டி அது. அம்மாவுக்கோ சர்க்கரை. மகள் பல் டாக்டர். இனிப்பைக் கண்டாலே மற்றவர்களுக்கு எச்சில் ஊறும், அவளுக்குக் கோபம் ஊறும். பெட்டியை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்து, "நான் எடுத்துக் குடுத்தாத்தான்" என்று சட்டம் போட்டிருந்தாள். ஆனால் பெட்டி நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. அவ்வப்போது அவள் பெட்டியைக் குலுக்கிப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்ப்பாள். அம்மா ஜன்னலைப் பார்ப்பார். யாரும் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை.

துருவி என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, ஆபீஸ் வைத்தது. காப்பீட்டு நிறுவனத்தில் நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களைத் துருவித் துருவி விசாரிப்பதுதான் அவர் உத்தியோகம். மழையில் வீடு ஒழுகியது என்று யாராவது சொன்னால், அன்றைக்கு மழை பெய்ததா என்பதிலிருந்து ஆரம்பிப்பார். "மனுஷன் பொய் சொல்லுவான், தடயம் பொய் சொல்லாது" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். ஒரு தடவை, விபத்தில் சிக்கிய காரின் கண்ணாடி நிஜமாகவே உடைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். நிஜமாகவே உடைந்திருந்தது. வலது கட்டைவிரலில் குறுக்கே கிழித்த வெட்டு, பெரிய தழும்பாக இன்னும் இருக்கிறது.

இப்படி ஊரையே சந்தேகப்படுகிற மனிதர் முழுசாக நம்பிய ஒரே இடம் ஆகாயம். மொட்டைமாடியில் ஒரு தொலைநோக்கி. அதன் பின்பக்கம் கேமரா. கேமராவின் வாய்க்குள் விரலால் அழுத்திப் பொருத்துகிற சின்னக் கண்ணாடி ஃபில்டர் ஒன்று, தெருவிளக்கு வெளிச்சத்தை வடிகட்ட. எங்கேயோ கிடக்கும் நட்சத்திரக் கூட்டங்களையும் வாயு மேகங்களையும் துளித்துளியாகப் படம் பிடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு படமாக்குவார். இதில் பைத்தியம் முற்றிப்போய், இருட்டுக்குப் பழகின கண் கெட்டுவிடக் கூடாது என்று, தாகத்துக்குக் கீழே இறங்கி வந்தால்கூட ஃப்ரிட்ஜைக் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் திறப்பார். ஒருமுறை தண்ணீர் என்று நினைத்து வினிகரைக் குடித்துவிட்டுக்கூட அந்தப் பழக்கத்தை விடவில்லை.

அந்த ஆகாயம்தான் இப்போது அவருக்குப் பலன் கொடுத்திருந்தது. நட்சத்திரங்கள் மணலாகக் கொட்டிக் கிடக்கும் ஒரு கூட்டத்தைப் பத்து நாளாக எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாப் படத்திலும், அதே இடத்தில், முட்டை வடிவில் ஒரு கருமை. பின்னால் இருக்கும் நட்சத்திரங்களை மறைக்கும் தூசு மேகம். இருண்ட நெபுலா! அதன் நடுவே குறுக்காக ஒரு வெளிச்சக் கோடு வேறு. எந்த வரைபடத்திலும் இப்படி ஒன்று இல்லை.

இத்தனை வருஷம் அடுத்தவன் சொன்னதைப் பொய்யென்று நிரூபித்தே காலம் போய்விட்டது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, தான் சொல்வதை உலகம் நம்ப வேண்டும். அதற்குமேல் அவருக்கு எந்த ஆசையும் இல்லை.

வானியல் சங்கத்தின் தலைவர், ஓய்வு பெற்ற பேராசிரியர், போனில் நிதானமாகத்தான் பேசினார். "சந்தோஷம். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அறிவிச்சிடலாம். அதுக்கு முன்னாடி, கேமராவோட கோளாறு இல்லைன்னு உறுதி பண்ணணுமே. மூடியைப் போட்டு இருட்டைப் படம் எடுத்துட்டீங்களா? வெள்ளைத் துணியைக் கட்டி வெளிச்சத்தைப் படம் எடுத்துட்டீங்களா?"

மூடி போட்டு எடுத்தால் கேமரா தானாக உண்டாக்கும் பொய்ப் புள்ளிகள் தெரியும். வெள்ளைத் துணி கட்டி எடுத்தால் கண்ணாடியில் இருக்கும் தூசு தும்பு தெரியும். இரண்டாவதைத் துருவி மனசுக்குள்ளேயே தள்ளுபடி செய்தார். "என் கண்ணாடியில தூசா? துணி கட்டுறதெல்லாம் கத்துக்குட்டிங்க வேலை." முதலாவதற்கு மட்டும் ஒரு சிக்கல். படம் எடுத்த ராத்திரிகளின் குளிரிலேயே இருட்டையும் எடுக்க வேண்டும். இப்போதோ மேகம் மூடி வீடு வெந்துகொண்டிருந்தது. ஆகவே ஃப்ரிட்ஜ்.

இதையெல்லாம் அவர் மாமியாரிடம் பொறுமையாகத்தான் விளக்கினார்.

"மூடியைப் போட்டுட்டு போட்டோ எடுக்கறீங்க" என்றார் மாமியார்.

"ஆமா அத்தை."

"அதுல ஒண்ணும் தெரியாது."

"தெரியக் கூடாது அத்தை. அதான் விஷயமே."

"எங்கே, காட்டுங்க."

காட்டினார். ஒரு கறுப்புப் படம். தள்ளினால் இன்னொரு கறுப்புப் படம். தள்ளத் தள்ளக் கறுப்பு. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அத்தனையையும் ஒழுங்காகப் பார்த்தார்.

"என் மூஞ்சி இருந்ததையெல்லாம் அழிச்சிட்டீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டுப் பாலைக் காய்ச்சப் போனார்.

சாயங்காலம் கிளினிக்கிலிருந்து வந்த மனைவியிடம் விஷயம் வேறு உருவத்தில் போய்ச் சேர்ந்தது. "உன் புருஷன் நான் சாப்பிடுறதை எண்ணுறதுக்கு ஃப்ரிட்ஜுக்குள்ள கேமரா வச்சிருக்கார்டி. கேட்டா இருட்டைப் படம் பிடிக்கிறாராம்."

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"இருட்டைத்தான் பிடிக்கிறேன்" என்றார் துருவி.

"காசு போட்டு வாங்கின கேமராவுல?"

அவளைக் குளிர்விக்கலாம் என்று துருவி குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் கேளேன். பேர் வாங்கப் போறேன். எல்லாம் உன்னாலதான். நீ எனக்குன்னு ஃப்ரிட்ஜுல வாங்கி வைக்கிறியே பேரீச்சம்பழம், அதைத் தின்னுட்டுத்தானே மாடியில தெம்பா நிக்கிறேன். இந்தத் தடவை வாங்கினது ரொம்ப அருமை."

"ஐஸ் வைக்காதீங்க" என்று அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலு பேருக்குப் பல் பிடுங்கிவிட்டு வந்த களைப்பு அவளுக்கு.

மறுநாள் துருவி ஆபீஸ் போவதற்கு முன், முன்னெச்சரிக்கையாக ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினார். "தயவுசெய்து அவசியமின்றித் திறக்காதீர்கள்." இதில் தப்பாக என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் பகலெல்லாம் வீட்டில் தனியாக இருப்பவர் மாமியார் ஒருவர்தான். அந்தத் தாளைப் படிக்கப் போகிறவரும் அவர் ஒருவர்தான். இது துருவிக்கு உறைக்கவில்லை.

மத்தியானம் ஆபீசுக்குப் போன் வந்தது.

"மாப்பிள்ளை, எனக்கு மோர் குடிக்கணும். அது அவசியமா, அவசியமில்லையா?"

"ஐயோ, தாராளமா எடுத்துக்குங்க அத்தை."

"போட்டோ விழுமே."

"விழாது அத்தை, மூடி போட்டிருக்கு."

"மூடி போட்டிருந்தா எதுக்குத் திறக்கக் கூடாதுன்னு எழுதுறீங்க?"

நியாயமான கேள்விதான். கண் வைத்துப் பார்க்கும் துவாரம் வழியாக வெளிச்சம் கசியும் என்று அவர் விளக்க ஆரம்பித்தபோது, அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டுவிட்டது.

சாயங்காலம் வந்து படங்களைச் சோதித்தார். எல்லாம் அசல் கறுப்பு. கேமரா குற்றமற்றது! துருவிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இருண்ட மேகம் நிஜம்தான். ஆனால் ஒரே ஒரு படத்தில் ஓரமாகச் செக்கச்செவேல் என்று வெளிச்சம் கசிந்திருந்தது. யாரோ கதவைத் திறந்து, திறந்தபடியே ரொம்ப நேரம் நின்றிருக்கிறார்கள். மோர் எடுக்க எதற்கு அவ்வளவு நேரம்?

துருவி வேறு மனிதராக இருந்தால் அந்தப் படத்தை அழித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார். உத்தியோக புத்தி விடுமா?

"அத்தை, சும்மாதான் கேக்கறேன். இன்னிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து ரொம்ப நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

மாமியார் நறுக்கிக்கொண்டிருந்த வெண்டைக்காயைக் கீழே வைத்தார். "ஏண்டி, இங்க வா. மூடி போட்ட கேமராவுல ஒண்ணும் தெரியாதுன்னாரே உன் புருஷன், இப்ப நேரம் உட்பட சொல்றார் பாரு."

"அம்மா, நிஜமாவே நின்னியா?" என்றாள் மகள்.

"நின்னேன். பெட்டியைத் திறந்து பார்த்துட்டு நின்னேன். பாதிக்கு மேல காலி. நான் ஒண்ணு தொட்டிருந்தா என் கை அழுகிப் போகட்டும். இந்த வீட்டுல வேற யார் திங்கறாங்கன்னு யோசிச்சு நின்னேன்."

மனைவி துருவியைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்கறே? எனக்குச் சாக்லேட்டே பிடிக்காதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார் துருவி. உண்மைதான். சாக்லேட்டைக் கண்ணால் கண்டாலே ஒதுங்கிப் போகிறவர். மனைவியால் அதை மறுக்க முடியவில்லை. மறுபடி அம்மாவைப் பார்த்தாள்.

அங்கே துருவி பெருந்தன்மை காட்டத் தீர்மானித்தார். அதுதான் அவர் செய்த பெரிய தப்பு.

"விடுங்க அத்தை. ஆசை யாருக்குத்தான் இல்ல? நீங்க எடுத்தா என்ன, நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்."

மாமியாரின் கண்ணில் பொசுக்கென்று நீர் கட்டிக்கொண்டது. அவர் அழுது துருவி பார்த்ததே இல்லை.

"அப்போ நான்தான் எடுத்தேன்னு முடிவே பண்ணியாச்சு" என்றார் மாமியார். "நாளைக்கு என்னை பஸ் ஏத்தி விட்டுடுங்க."

துருவி பதறிப்போனார். "அப்படிச் சொல்லாதீங்க அத்தை. நான் கண்டுபிடிச்சிருக்கேனே, அந்த இருண்ட மேகம், அதுக்கு உங்க பேரையே வைக்கிறேன். என் பேரு வேண்டாம். உங்க பேரு. உலகம் இருக்கிற வரைக்கும் நிக்கும்."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் இளகினார் போலத்தான் இருந்தது. "அது பார்க்க எப்படி இருக்கும்?"

"கறுப்பா இருக்கும் அத்தை."

"ஜொலிக்காதா?"

"ஜொலிக்காது. பின்னாடி இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் மறைச்சுக்கிட்டு நிக்கும்."

"அதுக்கு என் பேரா?" என்று எழுந்தார் மாமியார். "மருமகப்பிள்ளை என்னைப் பத்தி மனசுல என்ன நினைச்சிருக்காருன்னு இப்பத்தான் வெளியில வருது."

பெட்டி கட்டுகிற சத்தம் உள்ளறையிலிருந்து வெகுநேரம் கேட்டது. துருவியோ இந்தக் கலவரத்தில் கேமராவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, அப்படியே சூடான அடுப்பு மேடையில் வைத்துவிட்டிருந்தார். காலையில் பார்த்தால் கேமரா முழுக்க வியர்த்து, பொத்தானை அழுத்தினால் உயிரே இல்லை.

அன்று சனிக்கிழமை. மறுநாள் கூட்டம். அத்தனை பேர் முன்னாலும் அசல் படங்களைக் கேமராவிலேயே காட்டுவதாகப் பேராசிரியரிடம் மார்தட்டியிருந்தார்.

மாமியாரை பஸ் ஏற்றிவிடக் காரில் கிளம்பினார்கள். மனைவி முன்சீட்டில் விறைப்பாக இருந்தாள். மாமியார் பின்சீட்டில் மடியில் பையை வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

"எம் புள்ள எவ்வளவு ஆசையா அனுப்பினான். அம்மாவுக்குச் சர்க்கரை, வெறும் சாக்லேட் வேண்டாம்னு, உள்ள பேரீச்சம்பழம் வச்சதா தேடித் தேடி வாங்கினானாம். இந்த வாய்ல ஒண்ணுகூட விழல. பேரு மட்டும் கெட்டுப் போச்சு."

துருவிக்கு என்னவோ போல இருந்தது. பாவமாகவும் இருந்தது. ஆனால் பஸ் நிலையத்துக்கு முன்னால் இருந்த கேமரா ரிப்பேர் கடையைக் கண்டதும் அது மறந்துவிட்டது. "ஒரே நிமிஷம்" என்று காரை ஓரம் கட்டினார். தனியாக விட்டால் ஒரு நிமிஷம் ஒரு மணியாகும் என்று தெரிந்த மனைவி கூடவே இறங்கினாள். வெயிலில் காருக்குள் உட்கார முடியாமல் மாமியாரும் இறங்கினார்.

ரிப்பேர்க்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடி கட்டிய நிதான மனிதர். கேமராவின் அடிப்பக்கத்தைக் கழற்றி, சூடான காற்றை ஊதி, துணியால் ஒத்தி எடுத்தார். அதுவரை சும்மா இருக்க முடியாமல் துருவி போனைத் திறந்து, கடையின் கண்ணாடி மேசை மேல் வைத்து, தன் மேகத்தைக் காட்டினார்.

"நானே கண்டுபிடிச்சது. இந்தக் கறுப்பு இருக்கே, எத்தனை கோடி கோடி மைல் நீளம் தெரியுமா? நடுவுல குறுக்கே ஒரு வெளிச்சக் கோடு ஓடுது பாருங்க. உள்ள ஒரு நட்சத்திரம் பிறக்குதுன்னு நினைக்கிறேன். மேகத்தைப் பிளந்துக்கிட்டு வருது."

"நல்லாருக்கு சார்" என்றார் ரிப்பேர்க்காரர். பொத்தானை அழுத்தினார். கேமரா கண் விழித்தது. துருவிக்கு உயிர் வந்தது.

"ஈரம்தான் சார், வேற கோளாறு இல்ல. ஆனா உள்ள இருந்த இந்த ஃபில்டர்ல ஒரு கறை இருக்கு." இடுக்கியால் அதை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோனார். "சாக்லேட்."

"சாக்லேட்டா!"

துருவி ஒரு அடி உயர்ந்துவிட்டார். மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டுக்கோ. நான் ஒண்ணும் சொல்லல. ஃப்ரிட்ஜுக்குள்ள கேமரா, அதுக்குப் பின்னாடி சாக்லேட், மூடியைத் திறந்து உள்ள என்னதான் இருக்குன்னு யாரோ பார்த்திருக்காங்க. சாக்லேட் தின்ன கையோட!"

"நான் அதைத் தொடவே இல்ல" என்றார் மாமியார்.

"என்னங்க, போதும். அம்மாவை விடுங்க" என்றாள் மனைவி.

"நான் எங்க பேசறேன்? தடயம் பேசுது. மனுஷன் பொய் சொல்லுவான், தடயம் பொய் சொல்லாது." ரிப்பேர்க்காரரிடம் குனிந்தார். "கறையில ரேகை ஏதாவது தெரியுதா? யார் விரல்னு சொல்ல முடியுமா?"

மாமியார் பையைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் விரித்து, கண்ணாடி மேசை மேல், விளக்குக்குக் கீழே நீட்டினார்.

ரிப்பேர்க்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். ஃபில்டரைப் பார்த்தார். மேசை மேல் இருந்த போனைப் பார்த்தார். மறுபடி ஃபில்டரைப் பார்த்தார். அம்மாளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"இந்தக் கறையும் உங்க படத்துல இருக்கிற மேகமும் ஒண்ணேதான் சார், ஆனா குறுக்கே ஓடுற அந்தக் கோடு நட்சத்திரம் இல்ல, ஏதோ வெட்டுத் தழும்பு; அம்மா விரல் வழவழன்னு இருக்கு, உங்க வலது கட்டைவிரலைக் கொஞ்சம் காட்டுங்க."